பதிவேட்டில் ஒரு குறிப்பாக

ஜப்பானில் கல்யாணம் நகராட்சி அலுவலக ஜன்னலில் நடக்கிறது. ஷின்டோ கோயிலில் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறு சாக்கே அருந்தலாம், வெள்ளை அங்கி அணிந்து மோதிரம் மாற்றலாம், உற்றார் உறவினரைக் கூட்டி விருந்து வைக்கலாம். சட்டத்தின் கண்ணில் இவை எதுவும் திருமணம் ஆகாது. அந்நாட்டு சிவில் சட்டத்தின் 739-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்த அறிவிப்பு ஏற்கப்படும்போதுதான் இருவரும் கணவன் மனைவி ஆகிறார்கள். அந்த அறிவிப்புக்குக் கொனின் தொதொகே என்று பெயர். ஏ3 அளவில் ஒரு தாள். மணமக்கள் இருவரின் கையெழுத்து, வயதுவந்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. நள்ளிரவில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் காவலாளி வாங்கி வைத்துக்கொள்வார். தாள் சரியாக இருந்தால் வாங்கிய தேதியே மணநாள். மணமக்கள் நேரில் போகவேண்டும் என்றுகூட இல்லை, தபாலில் அனுப்பலாம்.

நம் பழக்கம் இதற்கு நேர்மாறானது. தாலி ஏறியதும் கல்யாணம் முடிந்துவிடுகிறது. பதிவு என்பது முடிந்த காரியத்துக்கு வாங்கி வைக்கும் அத்தாட்சி. அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரோகிதரையும் மந்திரத்தையும் வேண்டாம் என்றது. ஆனால் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் செயலை அதுவும் வைத்துக்கொண்டது. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2009-இல் தமிழ்நாடு அதற்கெனச் சட்டம் இயற்றி 90 நாள் கெடு வைத்தது. அதற்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ தேவை வரும்போதுதான் பலரும் பதிவாளர் அலுவலகத்தை நினைக்கிறோம். ஜப்பானில் தாளே செயல். ஊர் கூடியிருந்தாலும் தாள் போய்ச் சேரவில்லை என்றால் கல்யாணம் இல்லை.

நான் மணந்துகொண்ட பெண் ஜப்பானியர். எங்கள் திருமணத்தை அவர் நாட்டில் பதிவு செய்ததிலிருந்து ஒரு எண்ணம் என்னை விடாமல் இருக்கிறது. ஒரு நாடு குடும்பம் என்று எதை நினைத்து வைத்திருக்கிறது என்பது, அந்நாட்டவர் இருவர் மணக்கும்போது வெளியே தெரிவதில்லை. எல்லாம் கட்டத்துக்குள் ஒழுங்காகப் பொருந்திவிடுகிறது. வெளிநாட்டுத் துணை ஒருவர் வந்து ஜன்னல் முன்னால் நிற்கும்போதுதான் கட்டங்கள் யாருக்காகப் போடப்பட்டவை என்பது தெரிகிறது.

முதல் கட்டம் நம் ஊரிலேயே வருகிறது. மணமாகாதவன், மணக்கத் தகுதியுள்ளவன் என்று என் நாடு எனக்குச் சான்று தரவேண்டும். ஜப்பானியர் ஒருவருக்கு இது சிரமமே இல்லை. பிறந்ததிலிருந்து அவர் வாழ்வில் நடந்த தத்து, திருமணம், மணமுறிவு, இறப்பு எல்லாம் கொசெக்கி என்கிற குடும்பப் பதிவேட்டில் வரிசையாக ஏறியிருக்கும். அதில் திருமணம் எழுதப்படவில்லை என்றால் அவர் மணமாகாதவர். இந்தியாவில் அப்படி ஒரு தொடர் பதிவேடு கிடையாது. பிறப்பு ஓரிடத்தில், திருமணம் வேறிடத்தில், அதுவும் பதிந்திருந்தால். ஆகவே நடக்காத ஒன்று நடக்கவில்லை என்று யாராவது உறுதி சொல்லவேண்டியிருக்கிறது. நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுகிறோம். வருவாய்த் துறையிடம் மணமாகாதவர் சான்றுக்கு மனுப்போடுகிறோம். அதற்கு வி.ஏ.ஓ. விசாரிக்கிறார்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த விசாரணை நன்றாக நினைவிருக்கிறது. "ஏம்மா, தம்பிக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் காட்சி எதுவும் ஆகலையே?" என்று அவர் கேட்டார். "ஆகியிருந்தா ஊருக்குச் சோறு போடாமயா இருந்திருப்போம்?" என்றார் அம்மா. எதிர்வீட்டு அத்தையிடமும் கேட்டார். "எங்களுக்குத் தெரியாம இந்தத் தெருவுல என்னய்யா நடக்கும்?" என்று அவரும் சொல்லிவிட்டார். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். அந்த எழுத்து வருவாய் ஆய்வாளர் வழியாக தாசில்தாரிடம் போய்ச் சான்றிதழாக வந்தது. வெளிநாட்டில் காட்டும் தாள் என்பதால் டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் அதில் ஏறியது. ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு தூதரகப் படியாக ஏறவேண்டியிருக்கும். ஆனாலும் அந்தத் தாளின் அடியில் இருந்தது எங்கள் தெருவின் வாக்குத்தான். தெருவின் நினைவே நமக்குப் பதிவேடு. தெரு எல்லாருக்கும் நல்லதையே நினைவில் வைத்திருப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

வெளிநாட்டுத் தாள் எதையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடுதான் கொடுக்கவேண்டும். மொழிபெயர்ப்பவர் அரசு அங்கீகாரம் பெற்றவராக இருக்கவேண்டும் என்று விதி இல்லை. மொழிபெயர்த்தவர் தன் பெயரை அடியில் எழுதிப் பொறுப்பேற்றால் போதும், மணப்பெண்ணே மொழிபெயர்க்கலாம். எங்கள் தாள்களை அவர்தான் மொழிபெயர்த்தார். இன்னாருடைய மகன் இன்னார் இதுவரை மணம் செய்துகொண்டதில்லை என்ற வாசகத்தை, நான் சொல்லச் சொல்லக் கேட்டு, தன் மொழியில் எழுதி, தன் பெயரை இட்டார். யாரைப் பற்றிய உறுதிமொழி அதுவோ அவரையே மணக்கப்போகிறவர் அதை எழுதுவதில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. எங்கள் இருவருக்கும் சடங்கு என்று ஒன்று இருந்திருந்தால் அந்த மாலைதான் அது என்று நான் நினைக்கிறேன். தாளே செயல் என்கிற ஜப்பானியச் சட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்து பெயர். ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், தன் பெயருக்கு ஒரு கட்டம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் எது? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தபோது அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஆகவே படிவத்தில் என் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். ஜப்பானியர் இருவர் மணந்தால் சட்டப்படி இருவரும் ஒரே குடும்பப் பெயரை ஏற்றாகவேண்டும், பெரும்பாலும் அது கணவனுடையது. வெளிநாட்டவரை மணந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரும்பினால் மணந்த 6 மாதத்துக்குள் ஓர் அறிவிப்புக் கொடுத்துத் துணையின் குடும்பப் பெயரை ஏற்கலாம், குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை. என் மனைவி அப்படிச் செய்திருந்தால் தன் மாமனாரின் பெயரைச் சூடியிருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே பெயராகி அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போயிருக்கும். நம் இனிஷியல் ஒரு தலைமுறைக்கு மட்டும் வாழ்வது. என் பெயருக்கு முன்னால் அப்பா நிற்பார், என் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நான் நிற்பேன், தாத்தா விலகிக்கொள்வார். ஒரு தகப்பனின் பெயரை வம்சத்தின் பெயராக்குவது நம் வழக்கத்துக்குள் அடங்காத காரியம். நாங்கள் நிறையப் பேசி, அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

படிவம் ஏற்கப்பட்ட பிறகு 450 யென் கட்டிக் கொசெக்கியின் நகலை வாங்கினோம். மேலே நிலைமுகவரி, அடுத்து பதிவேட்டின் முதல்வர் என்று என் மனைவியின் பெயர். வெளிநாட்டவரை மணந்ததால் பெற்றோரின் பதிவேட்டிலிருந்து பிரித்து அவருக்கெனத் தனிப் பதிவேடு திறந்திருந்தார்கள். அதன் கீழே அவருக்கான கட்டம்: பிறந்த தேதி, தந்தை, தாய், அவர்களுக்கு இவர் எத்தனையாவது மகள். நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வரிசையில், திருமணம் என்ற தலைப்பின் கீழ் இருந்தேன். துணையின் பெயர், கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில். துணையின் நாட்டுரிமை, இந்தியா. துணையின் பிறந்த தேதி, கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில். மனைவியின் பிறந்த தேதி ஷோவா மன்னர் ஆண்டில், மணநாள் ஹெய்செய் ஆண்டில், என் பிறந்த தேதி மட்டும் உலகக் காலண்டரில். ஒரே தாளில் இரண்டு காலம்.

அந்தப் பதிவேட்டில் எனக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஜப்பானியக் கணவன் என்றால் அவனுக்கும் தனிக் கட்டம் இருக்கும், அதில் அவன் தாய் தந்தையின் பெயர் இருக்கும். கொனின் தொதொகேயில் என் பெற்றோரின் பெயரையும் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். பதிவேட்டுக்கு அவர்கள் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எனக்காக வாக்குக் கொடுத்த அம்மா தன் மருமகளின் குடும்பப் பதிவேட்டில் எங்கும் இல்லை. பிறகு குழந்தை பிறந்து அவளுக்கு ஒரு கட்டம் வந்தபோது, அதில் தந்தை என்ற இடத்தில் என் பெயர் ஏறியது. தந்தையாக எனக்கு ஓர் இடம் உண்டு. கணவனாக நான் மனைவியின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

இது ஏதோ ஓர் எழுத்தரின் மனக்குறுகலால் வந்ததில்லை. பதிவேட்டின் அடித்தளமே அப்படி. எடோ காலத்தில் பௌத்தக் கோயில்கள் வழியாக எழுதப்பட்ட குடிக்கணக்குகளின் இடத்தில், மெய்ஜி அரசு 1872-இல் நாடு முழுவதற்குமான குடும்பப் பதிவேட்டைத் தொடங்கியது. வரி, ராணுவம், பள்ளி எல்லாவற்றுக்கும் ஆள் கணக்கு வேண்டியிருந்தது. வீடுதான் அலகு, வீட்டுக்கு ஒரு தலைவன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சட்டம் மாறி, தம்பதியும் மணமாகாத பிள்ளைகளும் என்று அலகு சுருங்கியது. ஆனால் இந்தப் பதிவேட்டில் இருப்பவர்தான் ஜப்பானியர், ஜப்பானியர் மட்டும்தான் இந்தப் பதிவேட்டில் இருக்கமுடியும் என்கிற அடிப்படை அப்படியே நின்றது. குடும்பத்தைப் பதியும் ஏடும் குடியுரிமையைக் காக்கும் ஏடும் ஒன்றே. ஆகவே குடும்பத்தில் ஒருவர் அயல்நாட்டவர் என்றால் குடும்பத்தைத்தான் அந்த ஏடு குறைத்து எழுதுகிறது.

இந்தக் குறைப்பு பழைய நாளில் இன்னும் கொடுமையாக இருந்தது. வெளிநாட்டவரை மணக்க அனுமதித்த 1873-ஆம் ஆண்டு அரசாணை, அந்நியனை மணக்கும் ஜப்பானியப் பெண் ஜப்பானியர் என்ற நிலையை இழப்பாள் என்றது. ஜப்பானியனை மணக்கும் அந்நியப் பெண் அந்நிலையைப் பெறுவாள். பெண்ணுக்கு நாடு என்பது கணவனின் நாடு. லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளரின் கதையில் இதைப் பார்க்கலாம். கிரேக்கத் தீவொன்றில் ஐரிஷ் தந்தைக்குப் பிறந்து 1890-இல் ஜப்பான் வந்தவர். மத்சுஏ நகரில் ஆசிரியராக இருந்தார். பழைய சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செத்சுவோடு வாழ்ந்தார். பிரிட்டிஷ் குடியான அவரைச் சட்டப்படி மணந்தால் செத்சு தன் நாட்டுரிமையை இழக்கவேண்டும். அதனால் ஹெர்ன் மனைவியின் வீட்டுப் பதிவேட்டுக்குள் தான் நுழைந்து, 1896-இல் கொய்சுமி யாகுமோ என்ற ஜப்பானியர் ஆனார். ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகுக்குச் சொன்ன அந்தப் பெயர், மனைவியும் பிள்ளைகளும் அந்நியராகிவிடக் கூடாது என்று ஒரு மனிதன் ஏற்றுக்கொண்ட பெயர்.

ஹெர்னுக்கு வழி இருந்தது. 1952-இல் வழியில்லாமல் போனவர்கள் பலர். கொரியாவும் தைவானும் ஜப்பானின் காலனிகளாக இருந்த காலத்தில் அங்கேயிருந்தவர்களுக்குத் தனிப் பதிவேடுகள் வைத்திருந்தார்கள். கொரியரை மணந்த ஜப்பானியப் பெண்ணின் பெயர் ஜப்பானியப் பதிவேட்டிலிருந்து நீங்கிக் கொரியப் பதிவேட்டில் ஏறும். அன்று அது ஒரு நாட்டுக்குள் நடந்த இடமாற்றம்; எல்லாரும் பேரரசின் குடிகள். 1952 ஏப்ரல் 28 அன்று சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, காலனிப் பதிவேடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஜப்பானியக் குடியுரிமையை இழந்ததாக அரசு கொண்டது. அதற்குச் சில நாள் முன்பு வெளியான ஒரு சுற்றறிக்கையே போதுமானதாக இருந்தது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிலேயே வாழ்ந்து, என்றோ ஒரு கொரியரை மணந்த பெண்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். கல்யாணத்தின்போது தன் பெயர் எந்த ஏட்டில் ஏறுகிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் ஒரு பொருட்டாக நினைத்திருப்பார்கள்? ஜன்னலில் கொடுக்கும் தாள் நம் கையை விட்டுப் போன பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

பதிவேடு ஒருவரை வெளியே தள்ளுவதற்கு அவர் வெளிநாட்டவராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் அந்த முதல் பதிவேட்டில், தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த புராகு மக்களை அடையாளம் காட்டும் குறிப்புகள் பல இடங்களில் ஏறியிருந்தன. கல்யாணம் பேசும் வீட்டார் துப்பறியும் நிறுவனங்களை அமர்த்தி, பெண்ணின் பூர்விகத்தைப் பதிவேட்டில் தோண்டினார்கள். நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது தோண்டின. 1968-இல் அந்தப் பழைய ஏடுகள் யாரும் பார்க்கமுடியாதபடி முத்திரையிடப்பட்டன. பிறர் பதிவேட்டை நினைத்தபோது பார்க்கும் வழக்கத்துக்கு 1976-இல் சட்டம் தடை போட்டது. இதைப் படிக்கும்போது எந்தத் தமிழனுக்கும் நெஞ்சு சும்மா இருக்காது. நம் ஊரில் சாதியைக் கண்டுபிடிக்க ஏடு தேவையில்லை. எந்தத் தெரு என்று கேட்டால் போதும். எனக்காக நல்ல வாக்குச் சொன்ன அதே தெரு, சாதி கடந்து மணந்த பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். அதனால்தான் பதிவேடே வேண்டாம் என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஏடு இல்லாத இடத்தில் தெரு ஆள்கிறது. ஏடு வேண்டும், அது யாரையும் காட்டிக்கொடுக்காததாக இருக்கவேண்டும்.

இந்த ஏடுகள் திருந்தியும் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மணம் செய்வதால் நாட்டுரிமை மாறாது என்று ஆக்கியது. அப்போதும் ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த குழந்தைக்கே பிறப்பால் குடியுரிமை. தாய் மட்டும் ஜப்பானியர் என்றால் இல்லை. ஒகினாவாவில் அமெரிக்கப் படைவீரர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் சிலர் தந்தையின் நாடும் இல்லாமல், தாயின் நாடும் இல்லாமல் நாடற்றவர்களாக நின்றார்கள். அந்தத் தாய்மார்களின் நிலை ஊரறிந்த பிறகு, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கும் வேளையும் வந்த பிறகு, சட்டம் மாறி 1985 ஜனவரி 1 முதல் தாயின் வழியாகவும் குடியுரிமை வந்தது. என் மகள் பிறந்ததும் அவள் பெயர் அம்மாவின் பதிவேட்டில் ஏறியது அந்த மாற்றத்தால்தான். முன்பின் தெரியாத ஒகினாவாத் தாய்மார்களுக்கு எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது.

குடியிருப்புப் பதிவிலும் இப்படித்தான் நடந்தது. 2012 ஜூலை 9 வரை, ஜப்பானில் வாழும் வெளிநாட்டவரின் பெயர் வீட்டாரோடு சேர்த்து எழுதும் குடியிருப்புச் சான்றில் வராது. அவர்களுக்கு வேறு ஏடு. வெளிநாட்டுக் கணவனோடு வாழும் பெண், அரசின் தாளில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவளாகத் தெரிவாள். கேட்டுக்கொண்டால் ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டுத் தருவார்கள். 2003 பிப்ரவரியில் யோகோஹாமா நகரின் நிஷி வார்டு, ஆற்றுக்குள் வழிதவறி வந்து மக்களின் செல்லமாகிவிட்ட தாமா-சான் என்ற கடல்நாய்க்கு மரியாதைக்காகக் குடியிருப்புச் சான்று வழங்கியது. பல ஆண்டுகளாக அங்கே வரி கட்டி வாழ்ந்த வெளிநாட்டவர்கள் கடல்நாய் மீசை வரைந்துகொண்டு போய் எங்களுக்கும் சான்று கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது அடுத்த மாதமே கிடைத்துவிடவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. இன்று எங்கள் வீட்டுச் சான்றில் மூன்று பெயரும் ஒரே தாளில் இருக்கின்றன.

வெளிநாட்டில் மணந்து பதியப்போகிற நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. திருமணப் பதிவு வேறு, அங்கே தங்கும் உரிமை வேறு. நகராட்சி ஜன்னலில் காதலைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. தாள் குறித்துச் சந்தேகம் வந்தால் அதைச் சட்ட விவகார அலுவலகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள், அவ்வளவே. துணை விசாவுக்குப் போகும்போது குடிவரவு அலுவலகம் ஒரு கேள்விப் படிவம் தருகிறது. எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், விருந்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், உறவினர்களில் இந்தக் கல்யாணம் யார் யாருக்குத் தெரியும்? இரு வீட்டாரின் பெயர், வயது, முகவரியும் கேட்கிறது. என் அம்மாவின் பெயர் அங்கேதான் விவரமாக எழுதப்பட்டது. குடும்பத்தைப் பதியும் ஏடு எழுதிக்கொள்ளாத பெயரை, குடும்பம் உண்மையா என்று சந்தேகப்படும் ஏடு கேட்டு வாங்கிக்கொள்கிறது.

திருமணத்தைப் போலவே மணமுறிவுக்கும் அங்கே ஒரு தாள் போதும். இருவரும் சம்மதித்தால் நீதிமன்றம் வேண்டாம். கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இருந்தால் அதே ஜன்னலில் ஏற்றுக்கொள்வார்கள். கையெழுத்து உண்மையானதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. ஜப்பானிய எழுத்து தெரியாத மனைவியோ கணவனோ, தனக்குத் தெரியாமலே மணம் முறிந்துபோனதைப் பிறகு அறிந்துகொள்ளும் நிலை வரலாம். இதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு காப்பு உண்டு. என் சம்மதமில்லாத மணமுறிவு அறிவிப்பை ஏற்காதீர்கள் என்று முன்கூட்டியே நகராட்சியில் எழுதிக் கொடுத்து வைக்கலாம். ஜப்பானியரை மணந்த வெளிநாட்டவரும் கொடுக்கலாம். தாளால் ஆகும் கல்யாணம் தாளால் அழியும் என்பதை அறிந்து வைத்துக்கொள்வது அன்பில் குறை ஆகாது. புதிதாக வருகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதை நான் முதலில் சொல்கிறேன்.

ஜப்பானைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு நம் பக்கமும் பார்க்கவேண்டும். என் மனைவி இந்தியாவில் எங்கே எழுதப்பட்டிருக்கிறார்? வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியாக மட்டுமே இந்தியக் குடியுரிமை என்றுதான் நம் சட்டமும் இருந்தது. தாயின் வழியாகவும் வரும் என்று ஆனது 1992 டிசம்பர் 10 முதல், ஜப்பானுக்கும் ஏறக்குறைய எட்டாண்டு கழித்து. இந்தியரை மணந்த வெளிநாட்டவர் இந்தியாவில் தங்க உரிமை தரும் ஓ.சி.ஐ. அட்டை கேட்டால், திருமணம் பதிவாகி விடாமல் இரண்டாண்டு நிலைத்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். மணம் முறிந்தால் அட்டை பறிபோகலாம். இங்கேயே வந்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணப்பதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு, அதுவும் அலுவலகத்தில் பார்வையான இடத்தில் ஒட்டப்படும். வெளிநாட்டவரை மணக்கிறவருக்கு அது ஒரு காத்திருப்பு. சாதியோ மதமோ கடந்து மணக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒட்டிய தாளே எமனாகலாம். தூதரகத்தில் மணக்க வழிசெய்யும் 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டத்திலும் அறிவிப்பு உண்டு. இரண்டு நாட்டுக்கும் துணைவர் மேல் நம்பிக்கை குறைவுதான். ஜப்பான் தன் ஏட்டில் கட்டம் தருவதில்லை. நாம் ஏட்டைத் திறக்கும் முன்னால் காக்க வைக்கிறோம், கொடுத்ததையும் திருப்பி வாங்கும் உரிமையோடு கொடுக்கிறோம்.

பதிவு வெறும் காகிதம், மனம்தான் முக்கியம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், நான் அதை ஏற்கவில்லை. மனம் ஒத்திருக்கும் நாளில் காகிதம் தேவைப்படாது. மனைவி மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும்போது அறுவைக்கு யார் ஒப்புதல் தருவது, கணவன் இறந்தால் யார் நாட்டில் யார் தங்கலாம், குழந்தை யாரோடு எந்த எல்லையைக் கடக்கலாம் என்று கேள்வி வரும் நாளில், மனத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஜப்பானில் ஆணை மணந்த ஆணுக்கும் பெண்ணை மணந்த பெண்ணுக்கும் இது நன்றாகத் தெரியும். வெளிநாட்டில் முறைப்படி மணந்திருந்தாலும் கொசெக்கியில் அவர்கள் திருமணம் ஏறாது. 2015-இல் டோக்கியோவின் ஷிபுயா வார்டு தொடங்கி வைத்த துணைமைச் சான்று பல ஊர்களுக்குப் பரவியும், அதற்குத் திருமணத்தின் சட்ட வலு இன்னும் இல்லை. ஒரு குறிப்பாகவாவது எழுதப்பட்ட என்னைவிட அவர்கள் வெகுதொலைவில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே பதிய வேண்டும், இரண்டு நாட்டிலும் பதிய வேண்டும், பதிந்ததைப் படித்தும் பார்க்கவேண்டும். நம் பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக் கேட்கவேண்டும். 1985-ம் 2012-ம் அரசுகளுக்குத் தாமாகத் தோன்றிய கருணையால் வந்த ஆண்டுகளாக எனக்குத் தெரியவில்லை. கட்டத்தில் அடங்காத தாய்மார்களும் கணவன்மார்களும் ஜன்னலை விட்டு நகராமல் நின்றதால் வந்தவை. கொசெக்கியில் வெளிநாட்டுத் துணைக்கு ஒரு முழுக் கட்டமும் அவர் பெற்றோரின் பெயருக்கு ஓர் இடமும் கேட்பது பெரிய ஆசை இல்லை. குடியுரிமைக்கு வேறு ஏடு வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்தின் ஏட்டில் குடும்பம் முழுவதும் இருக்கட்டும். அதே நியாயத்தை நம் அரசிடமும் கேட்போம். ஒட்டப்படும் அறிவிப்பு போகட்டும், மணந்து வந்தவருக்குத் தரும் உரிமை பறிக்கமுடியாததாக இருக்கட்டும். மணந்து ஒரு நாட்டுக்குள் வருகிறவர் அந்த நாட்டின் விருந்தாளி இல்லை, அங்கே குடும்பம் நடத்துகிறவர். அதை ஏட்டில் எழுதிக்கொள்வது அந்த நாட்டின் கடமை.